தொண்ணூற்றாறின் கீழ் மூன்று கோடுகள்

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. முதல் தட்டில் எத்தனையாவது பார் என்று சொல்ல வேண்டும், மீதி மூன்று தட்டும் அதன் பின்னால் தானாக வரும். விரல் மடக்கி எண்ணுகிறவன் பக்கத்தில் யாராவது தும்மினால் விரலை விட்டுவிடுவான், நாக்குக்கு அடியில் எண்ணுகிறவன் விடமாட்டான். நான்கு, இரண்டு, மூன்று, நான்கு. பார் என்பது பெரிய விஷயமில்லை, நான்கு தட்டு கொண்ட ஒரு கட்டம், நான் ஐம்பத்தெட்டு வருடமாக இந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு டிம்பனி, இடுப்பளவு உயரத்தில் இரண்டு செப்புக் கொப்பரை, மேலே தோல், ஒன்று டி சுரம், ஒன்று ஏ. வயலின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. இந்தக் கடைசிப் பகுதியில் முதல் தொண்ணூற்றேழு பாருக்கு எனக்கு வேலை இல்லை. சும்மா நிற்க வேண்டும், நான்கு நிமிடம் நாற்பது விநாடி, கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். தொண்ணூற்றெட்டாவது பாரில் எல்லாரோடும் சேர்ந்து இரண்டு அடி, பிறகு முடிகிற வரைக்கும் இரண்டு குச்சியும் மாறி மாறி விடாமல் உருட்டல். ஏழு, இரண்டு, மூன்று, நான்கு. சர்ச் ஹாலில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள், ஒலிப்பதிவில் அந்தச் சத்தம் விழும் என்று. மே மாத ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கே முக்கால் மணி. வேர்வை காதுக்குப் பின்னால் இறங்குகிறது, துடைக்கக் கூடாது, கையில் குச்சிகள். கேட்க வந்தவர்கள் முப்பத்தோரு பேர், வாட்ச்மேனையும் சேர்த்து. மூன்றாவது வரிசையில் என் மகள் ஜெபா. அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள், பரீட்சை எழுதுகிற பிள்ளையின் தாய் மாதிரி.

"நீங்க எண்ணவே வேண்டாம் அங்கிள்" என்றாள் ரெனிட்டா நேற்று. பத்து, இரண்டு, மூன்று, நான்கு. அவள்தான் இந்தக் குழுவை நடத்துகிறவள், முப்பத்துநான்கு வயது, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். "என் இடது கையை மட்டும் பாத்துட்டே இருங்க. நான் தூக்குவேன், நீங்க அடிச்சிடுங்க. அவ்ளோதான்." நல்ல மனசோடுதான் சொன்னாள். வியாழக்கிழமை ஒத்திகையில் நாற்பதாவது பாரில் நான் செலினின் கட்டிலருகே போய் நின்றுவிட்டேன், செலின் என் மனைவி, போய் நான்கு வருடம் ஆகிறது, மாத்திரை டப்பாவில் சனிக்கிழமைக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இது இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டாள், நான் பதில் சொல்லித் திரும்பியபோது எல்லாரும் வாசித்து முடித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. நேற்று ரெனிட்டாவின் இடது கையைப் பார்த்து அடித்தேன், சரியாக வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கு எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை. பதினாறு, இரண்டு, மூன்று, நான்கு. சினிமாப் பாட்டு ஸ்டூடியோவில் என்னைக் கணக்கு எப்ராயீம் என்று கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்புதான் படித்தேன், அந்தக் கணக்கும் எனக்கு வரவில்லை, ஆனால் இந்தக் கணக்கு வந்தது. ஜெபா என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். "நூறுலேருந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லுங்க தாத்தா" என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு என்று கீழே இரண்டு வரைக்கும் போய் நிறுத்தினேன். "போதும் போதும், எனக்கே வராது" என்று சிரித்தார். பிறகு, "வந்ததும் மூணு பொருள் சொன்னேனே, அது என்னென்ன?" என்றார். குடை என்றேன். மற்ற இரண்டும் இல்லை. அவை இருந்த இடம் கூட இல்லை, வழித்துத் துடைத்த மாதிரி. காரில் ஜெபா சொன்னாள், சாவி, கொய்யாப்பழம். இருபத்திரண்டு, இரண்டு, மூன்று, நான்கு, இதோ, கீழே பாஸ் வாத்தியங்கள் தட்டுகின்றன, இரண்டே சுரம், கதவைத் தட்டுகிற மாதிரி, டொம், டொம். இருபத்துமூன்று, வயலின்கள் பதில் சொல்கின்றன, அதே இரண்டு சுரம். சரியாக இருக்கிறேன்.

எண்பத்தாறு என்றதும் நாக்கு கொஞ்சம் தடுக்கிற்று, டாக்டர் கவனிக்கவில்லை. எண்பத்தாறாம் வருடம், கோடம்பாக்கத்தில், நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவில், எல்லாரும் அமைதியான ஒரு பாரில் நான் மட்டும் அடித்தேன். என் தாளில் இருபத்துநான்கு பார் சும்மா என்று இருந்தது, மற்றவர்கள் தாளில் இருபத்தைந்து. எழுதினவரின் தப்பு. நான் தாளில் இருந்ததை அடித்தேன். "யோவ், யாருய்யா அது, முந்திரிக்கொட்டை?" என்று கண்ணாடி அறையிலிருந்து மைக்கில் குரல் வந்தது, நாற்பத்தோரு பேர் சிரித்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். மூன்று மாதம் என்னை யாரும் கூப்பிடவில்லை. முப்பத்தொன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குப் பிறகு நான் தாள் எழுதவும் கற்றுக்கொண்டேன், எல்லார் தாளையும் பிரதி எடுக்கிற வேலை, ஏனென்றால் எழுதுகிறவன் நானாக இருந்தால் யாருக்கும் ஒரு பார் முன்னே பின்னே வராது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளையும் கூட்டிப் பார்ப்பேன், மொத்தம் ஒத்து வரவில்லையென்றால் சோறு இறங்காது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அடிக்கிறவனும் வேண்டாம், எழுதுகிறவனும் வேண்டாம். எனக்கு இடது பக்கம் கொம்பு வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்கிற பாக்கியநாதன் அன்றைக்கு அந்த நாற்பத்தோரு பேரில் ஒருவன். இப்போதும் வாசிக்காத நேரத்தில் எச்சிலை உதறிவிட்டு என் பக்கம் சாய்கிறான். "அண்ணே, முழிச்சிருக்கீங்களா?" என்கிறான் உதடு அசையாமல். முப்பத்தெட்டு, இரண்டு, மூன்று, நான்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரெனிட்டா ஒரு துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்தாள். தரங்கம்பாடிப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு மிஷன் பங்களாவை இடிக்கும்போது, பைபிள் பெட்டிக்குள் கிடைத்தது என்றாள். உப்பும் பூச்சியும் தின்ற ஒன்பது தாள்கட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற முழுப் பிரதி இல்லை. மேலே ஒரு பெயர், யோஹான் காஸ்பர் ரெடல். வருடம் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்று. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்க்காரர், அதன் பெயர் என் வாயில் நுழையாது, எந்தப் புத்தகத்திலும் அவர் இல்லை. ஒரு பாதிரியார் கப்பலில் கொண்டுவந்திருக்க வேண்டும், இங்கே யார் வாசிப்பார்கள் என்று நினைத்தாரோ. "கம்ப்யூட்டரால இதைப் படிக்க முடியல அங்கிள். உங்களால முடியும்" என்றாள். நாற்பத்தேழு, இரண்டு, பாஸ் தட்டுகிறது, டொம், டொம். நாற்பத்தெட்டு, இந்த முறை பதில் ஓபோக்கள், நாயனம் மாதிரி மரக்குழல்கள். இருபத்தொரு மாதம் எழுதினேன். மேசை விளக்கு, நான்கு நிப்பு, பழைய தாளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட ஒரு கோழி இறகு. எழுத எழுதத்தான் தெரிந்தது, இது சாதாரண ஆள் இல்லை. அடக்கமான ஆள். எல்லாரும் குரலை உயர்த்துகிற இடத்தில் இவர் இறக்குவார். ஒருவர் இருநூற்றைம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்துவிட்டு என் மேசைக்கு வந்து, பார் பாராக, என்னிடம் மட்டும் பேசினார் என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பதாவது கட்டு டிம்பனி, ஒரே ஒரு தாள். மற்றவர்களுடையது ஒரு கை எழுத்து, இது வேறு கை, அழுத்தி எழுதுகிற கை. கடைசிப் பகுதியில், சும்மா நிற்க வேண்டிய பார்கள் தொண்ணூற்றாறு என்று எழுதி, அதன் கீழே மூன்று கோடு போட்டிருந்தது. பிறகு இரண்டு அடி, பிறகு உருட்டல் என்று ஒரு நெளிகோடு, அந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது, ஆகவே கடைசி வரை கூட்டிப் பார்க்க வழியில்லை. மற்ற எட்டுத் தாளிலும் தொண்ணூற்றேழாவது பார் மௌனம். எட்டுப் பேரும் நிற்கிறார்கள், தொண்ணூற்றெட்டில்தான் சேர்ந்து வருகிறார்கள். தொண்ணூற்றாறு சும்மா என்றால் டிம்பனி அந்த மௌனத்துக்குள் தனியாக வந்து விழும். ஒரு பார் முன்னால். யோவ் யாருய்யா அது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு பிரதி எடுப்பவன் என்னைப் போல ஒருவனைப் பார்த்து எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. என் பிரதியில் தொண்ணூற்றேழு என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரே பாட்டுக்கு இரண்டு தாளில் இரண்டு எண் இருக்கக் கூடாது, அது ஸ்டூடியோவில் சட்டம், பழையதைத் திருத்து, இல்லையென்றால் கிழி. பழைய தாளைக் கண்ணாடி மேல் வைத்து, பாதி பிளேடால் ஆறைச் சுரண்டினேன், கட்டை விரல் நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கினேன், மசியில் தேயிலைத் தண்ணீர் கலந்து அதே பழுப்பு நிறத்தில் ஏழு போட்டேன். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. கோடுகளை விட்டுவைத்தேன், என் பிரதியிலும் ஏழின் கீழே மூன்று கோடு போட்டேன், மூலத்தில் இருப்பதைக் குறைக்கக் கூடாது அல்லவா. அறுபத்து. அறுபத்து எத்தனை? இரண்டு, மூன்று, நான்கு. அறுபத்து.

போய்விட்டது. குடை இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை. நாக்குக்கு அடியில் இரண்டு மூன்று நான்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, முன்னால் எண் இல்லாமல், தலையில்லாத கோழி போல. ரெனிட்டாவின் இடது கை இன்னும் கீழேதான் இருக்கிறது. அதை மட்டும் பார்த்தால் போதும், எண்ணவே வேண்டாம், அவ்வளவுதான், எழுபத்தாறு வயதில் ஒரு கை சொன்னதும் அடிக்கிற பொம்மையாக இருந்துவிட்டால் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாம். இல்லை. எல்லார் தாளையும் எழுதியவன் நான், காதைக் கொடுத்துக் கேட்டால் எந்த இடம் என்று தெரியாதா? ஓபோ இறங்கி வருகிறது, வயோலா ஒரே சுரத்தில் நிற்கிறது, இதற்கு அடுத்து, பாக்கியநாதன் கொம்பைத் தூக்கி உதட்டில் வைக்கிறான், பாஸ் தட்டுகிறது, டொம், டொம், எழுபத்தொன்று. எழுபத்திரண்டு, கொம்புகள் பதில். வந்துவிட்டேன். எழுபத்துமூன்று, இரண்டு, மூன்று, நான்கு.

தட்டினால் பதில். முதலில் வயலின், பிறகு ஓபோ, பிறகு கொம்பு. எழுபத்தைந்து, இரண்டு. இன்னும் ஒருமுறை தட்டும், தொண்ணூற்றாறில். அதற்கு யார் பதில்? எட்டுத் தாளிலும் மௌனம். எழுபத்தாறு. ரெனிட்டா தொடங்குவதற்கு முன்னால் கேட்க வந்தவர்களிடம் பேசினாள், ரெடலின் ஊர் ஆவணக் காப்பகத்திலிருந்து இந்த வாரம்தான் கடிதம் வந்ததாம். நான் தோலை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டே அரைக் காதில் கேட்டேன். ரெடல் நாங்கள் நினைத்தது போல வயலின்காரர் இல்லை என்றாள். சிற்றரசர் ஒருவரின் வாத்தியக் குழுவில் இருபத்திரண்டு வருடம் டிம்பனி அடித்தவர் என்றாள். "நம்ம எப்ராயீம் அங்கிள் மாதிரி" என்றும் சொன்னாள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் குனிந்துகொண்டேன். குனிந்ததில் மற்றது காதோடு நின்றுவிட்டது. இப்போதுதான் உள்ளே இறங்குகிறது. எழுபத்தொன்பது, இரண்டு, மூன்று, நான்கு. டிம்பனி அடித்தவர். அழுத்தி எழுதுகிற அந்தக் கை அவருடையது. தன் தாளைத் தானே எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் பின்னால் நின்று, எண்ணி எண்ணி, இரண்டு அடி அடித்து, மறுபடியும் எண்ணியவர். அவர் எண்ணத் தெரியாமல் எழுதுவாரா? தன் எண்ணுக்குக் கீழே ஒருவன் எதற்கு மூன்று கோடு போடுவான்? சந்தேகம் வரும் என்று தெரிந்தால் போடுவான். எல்லாரும் நிற்கும்போது கை வராது என்று தெரிந்தால் போடுவான். நம்பு, இதுதான், தொண்ணூற்றாறு, அடி. எண்பத்துமூன்று. கதவை நான்காவது முறை தட்டும்போது எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், பின்னாலிருந்து, யாரும் பார்க்காத ஆள், பதில் சொல்கிறான். இந்த இசை முழுவதும் அந்த இரண்டு அடிக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைத்தான் நான் பாதி பிளேடால் சுரண்டினேன்.

எண்பத்தாறு. இங்கே தடுக்காதே. இரண்டு, மூன்று, நான்கு. சுரண்டினதைச் சொல்லலாம், முடிந்ததும் சொல்லலாம், ஆனால் எதைக் காட்டுவேன்? பழைய தாளில் ஏழு, புதிய தாளில் ஏழு, இரண்டும் என் கை, இரண்டும் ஒத்துப்போகின்றன, நான் எப்போதும் விரும்பியபடியே. கடிதம் எழுதியவர்களுக்கு என் பிரதியைத்தான் அனுப்பப் போகிறாள், அச்சடிப்பார்களாம். எண்பத்தெட்டு. இன்றைக்கு அடித்தால் ஒலிப்பதிவில் இருக்கும். ஒரே இடத்திலாவது இருக்கும். அடித்தால் முப்பத்தோரு பேரும் திரும்புவார்கள், ஜெபா திரும்புவாள், அவள் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, கை தட்டுவார்கள், அங்கிள் கரெக்டா வந்துட்டாரு. தொண்ணூறு, இரண்டு, மூன்று, நான்கு. தொண்ணூற்றொன்று. குச்சியின் முனையில் இருக்கிற கம்பளி உருண்டைகள் தோலுக்கு நான்கு விரற்கடை மேலே நிற்கின்றன. தொண்ணூற்றுமூன்று. வயலின்கள் இறங்குகின்றன. அன்றைக்கு எழுந்து தாளைக் காட்டியிருந்தால். செலின் கேட்டாள், ஏன் சொல்லல? தொண்ணூற்றுநான்கு. ஏன் சொல்லல என்று ஒருமுறைதான் கேட்டாள், பிறகு கேட்கவே இல்லை. தொண்ணூற்றைந்து, இரண்டு, மூன்று, நான்கு. தொண்ணூற்றாறு, இதோ, பாஸ், டொம், டொம், மூன்று, நான்கு, ரெனிட்டாவின் வலது கை மேலே போய் நிற்கிறது, ஹாலில் சத்தமே இல்லை, வெளியே ஒரு ஆட்டோ, இடது கை அசையவில்லை, எனக்கு இல்லை, என் தாளில் எனக்கு இல்லை, அடித்தேன். டொம். டொம்.

எவ்வளவு அழகாக இருந்தது. அந்தக் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. யாரோ இருக்கிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வயலின்காரப் பெண் ஒருத்தி வில்லைத் தூக்கியபடியே திரும்பினாள். ரெனிட்டாவின் கண்கள் ஒரு கணம் விரிந்தன, பிறகு உடனே கனிந்துவிட்டன, அந்தக் கனிவுதான் தாங்க முடியவில்லை. அவள் இடது கையைத் தூக்கினாள், எல்லாரும் வந்தார்கள், நானும் உருட்டத் தொடங்கினேன், கடைசி பார் வரைக்கும் ஒரு தட்டும் பிசகாமல் உருட்டினேன். கை தட்டினார்கள். எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள், எனக்காக இன்னும் கொஞ்சம் பலமாக, விழுந்த குழந்தைக்குத் தட்டுவது போல. பாக்கியநாதன் கொம்பைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அண்ணே, எண்பத்தாறுல வச்ச பாக்கிய இன்னிக்கி முடிச்சிட்டீங்களா?" என்றான். கேலிதான், ஆனால் என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

ரெனிட்டா நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமே ஆகல அங்கிள். அந்த ரெண்டு அடியை ஒலிப்பதிவுல எடுத்துடலாம். நேத்து ஒத்திகையையும் பதிவு பண்ணினோமில்ல, அதுல கரெக்டா வந்துச்சு, அந்த இடத்தை வெட்டி இங்க ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது." "அது அங்கதாம்மா" என்றேன். "தொண்ணூத்தாறுதான். அவர் எழுதினது தொண்ணூத்தாறு." "சரி அங்கிள்." "ஏழுன்னு போட்டது நான். பிளேடால சுரண்டினேன். பழைய தாள்லயும்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே, பின்னால் வந்து நின்ற ஜெபாவைப் பார்த்தாள். "பழைய தாளை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன் அங்கிள், அதுல ஏழுதான் இருக்கு" என்றாள் மெதுவாக. "வெளிச்சத்துல தூக்கிப் பாரும்மா, அந்த இடம் மெலிசா இருக்கும்." "பாக்குறேன், கண்டிப்பா பாக்குறேன்." பார்க்க மாட்டாள். பார்த்தாலும், பூச்சி தின்ற தாளில் எந்த இடம்தான் மெலிதாக இல்லை. ஜெபா என் கைக்குட்டையை எடுத்து என் காதுக்குப் பின்னால் துடைத்தாள். "வாங்கப்பா, நல்லா வாசிச்சீங்க" என்றாள். நான் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். சொல்லச் சொல்ல அது டாக்டர் கேட்ட மூன்று பொருள் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் எனக்கே, நான் யோசித்துவிட்டு அடித்தேனா, அடித்துவிட்டு யோசித்தேனா என்று வந்தது, அதை உடனே விட்டுவிட்டேன், அதைப் பிடித்தால் பிறகு ஒன்றும் மிஞ்சாது. தாள்களைத் திரும்ப வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை என்னுடையது, எப்போதும் நான்தான் சரிபார்ப்பேன், கொடுங்கள் என்றேன், உடனே கொடுத்துவிட்டார்கள், மறுத்தால் மனம் நோகும் என்று. வயலின் ஒன்று, வயலின் இரண்டு, வயோலா, பாஸ், ஓபோ இரண்டு, கொம்பு இரண்டு, டிம்பனி. ஒன்பது. மேலாக என் தாள், தொண்ணூற்றேழு, கீழே மூன்று கோடு. இன்னொரு முறை எண்ணினேன். ஒன்பதும் இருந்தன, ஒன்றும் குறையவில்லை.